ஜூலையில் விழுந்த தளம்: கோர் அப்டேட்டா, புது டிசைனா?

தொட்டிச்செடி:
வணக்கம். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஒரு தளம் நடத்துகிறேன், வேர்ட்பிரஸில். கட்டுரைகள் எல்லாம் நானே எழுதியவை. படங்கள் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எடுத்தவை. ஜூன் வரை கூகுளிலிருந்து வருகிற கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஜூலையில் பாதிக்கும் கீழே போய்விட்டது. செப்டம்பரில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் தளம் காட்டப்படும் எண்ணிக்கை) இன்னொரு முறை சரிந்தது. இப்போது விளம்பர வருமானம் ஹோஸ்டிங் கட்டுவதற்கே சரியாக இருக்கிறது.

கூகுள் தன் தரவரிசை முறையைத் திருத்தும் கோர் அப்டேட் ஒன்று 2025 ஜூன் 30 அன்று ஆரம்பித்து ஜூலை 17 வரை போனது என்று படித்தேன். அதில்தான் அடிபட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். பழைய கட்டுரைகளை நீக்கு என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் இரண்டு மடங்கு நீளமாக்கு என்கிறார் இன்னொருவர். எங்கிருந்து தொடங்குவது?

ரேங்க்_ராஜா:
அக்கா, இது பேக்லிங்க் பிரச்சினை, மற்ற தளங்களிலிருந்து உங்களுக்கு லிங்க் போதாது. என்னிடம் 500 லிங்க் பேக்கேஜ் இருக்கிறது, ஒரே மாதத்தில் முதல் பக்கம். இன்பாக்ஸ் வாங்க.

பழைய_பதிவர்:
ராஜா, கடையை இங்கே விரிக்க வேண்டாம். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜேசி பென்னிக்கு நடந்தது உங்களுக்கும் தெரியும். சம்பந்தமே இல்லாத தளங்களில் அந்தக் கடைக்கு ஆயிரக்கணக்கில் லிங்க் போடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. 'சாம்சனைட் கேரி ஆன் லக்கேஜ்' என்ற தேடலில் சாயங்காலம் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71-ஆவது இடத்தில் கிடந்தது. அவ்வளவு பெரிய கடை தாங்கிக்கொண்டது. மாடித்தோட்டம் தாங்காது.

தொட்டிச்செடி அம்மா, மருந்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் சில கேள்விகள். தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' (கூகுள் ஆட்கள் பார்த்துப் போடும் தண்டனை), 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' இரண்டிலும் ஏதாவது இருக்கிறதா? விழுந்தது கிளிக்கா, இம்ப்ரெஷனா, இரண்டுமா? ஜூலை வாக்கில் தளத்தில் எதையாவது மாற்றினீர்களா? ஹோஸ்டிங், தீம், ப்ளகின், எதுவானாலும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. உங்கள் தளம் தோட்டத் தளம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரில், ஜூலையில் விதை, தொட்டி, உரம் என்று தேடுகிறவர்கள் கூடத்தான் வேண்டும். ஜூனோடு ஜூலையை ஒப்பிட்டால் அது தெரியாது. சர்ச் கன்சோல் 16 மாதத் தகவலை வைத்திருக்கும், போன ஆண்டு ஜூலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொட்டிச்செடி:
மேனுவல் ஆக்ஷன் எதுவும் இல்லை, செக்யூரிட்டியிலும் பச்சை டிக்தான். போன ஜூலையோடு ஒப்பிட்டால் வீழ்ச்சி நான் நினைத்ததைவிட மோசமாகத் தெரிகிறது. ஜூலையில் கிளிக், இம்ப்ரெஷன் இரண்டுமே விழுந்திருக்கின்றன. செப்டம்பரில் இம்ப்ரெஷன் மட்டும்.

மாற்றம் என்றால், ஜூலை முதல் வாரத்தில் புது டிசைன் போட்டேன். தெரிந்தவர் மூலமாக வந்த ஒரு டிசைனரிடம் கொடுத்தேன். தளம் வேகமாகிவிட்டது, மொபைலிலும் அழகாக இருக்கிறது. அவர் கட்டுரைகளின் முகவரியைத் தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்கு மாற்றினார், அப்போதுதான் கூகுளுக்குப் புரியுமாம். பழைய லிங்க் எதைத் தட்டினாலும் முகப்புப் பக்கத்துக்கு வந்துவிடும், அதனால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

சர்வர்_சாமி:
அக்கா, அங்கேயே நில்லுங்கள். எல்லா லிங்க்கும் முகப்புக்கா?

தக்காளி வளர்ப்பு பற்றிய பழைய முகவரியைக் கூகுள் வந்து கேட்கிறது. உங்கள் தளம் முகப்பைக் காட்டுகிறது. முகப்பில் தக்காளிக் கட்டுரை இல்லை. 'இந்தப் பக்கம் போய்விட்டது, சும்மா வேறெங்கோ திருப்பிவிடுகிறார்கள்' என்று கூகுள் முடிவுகட்டிவிடும். சாஃப்ட் 404 என்பது இதுதான். பழைய பக்கம் சேர்த்துவைத்திருந்த மதிப்பு, மற்ற தளங்கள் கொடுத்த லிங்க், எதுவும் புதிய பக்கத்துக்குப் போய்ச் சேராது. ஒவ்வொரு பழைய முகவரியும் அதற்குரிய புதிய முகவரிக்கே 301-ஆக, அதாவது நிரந்தரத் திருப்பலாக, போக வேண்டும்.

கூகுள் எந்தப் பக்கங்களைத் தேடலில் சேர்த்தது என்று காட்டும் 'பேஜ் இண்டெக்ஸிங்' அறிக்கையைத் திறந்து, சாஃப்ட் 404 வரிசையில் எத்தனை பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

தொட்டிச்செடி:
பார்த்தேன் தம்பி. கட்டுரைகளில் பெரும்பாலானவை அங்கேதான் நிற்கின்றன. புது முகவரிகள் பல 'கண்டுபிடித்தோம், இன்னும் சேர்க்கவில்லை' என்கிற வரிசையில் இருக்கின்றன.

ஆனால் கோர் அப்டேட்டும் அதே வாரம்தானே? எது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

பழைய_பதிவர்:
சரியான கேள்வி. ஒரே வாரத்தில் இரண்டும் நடந்தால் வரைபடத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. பக்கங்களைத்தான் பிரிக்க வேண்டும்.

முகவரி மாறாத பக்கங்கள் உங்கள் தளத்தில் இருக்குமே? ஆரம்பத்திலேயே ஆங்கில எழுத்தில் முகவரி வைத்த கட்டுரைகள், வகைப் பக்கங்கள். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் அவற்றை மட்டும் வடிகட்டி, ஜூலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். அவையும் அதே அளவு விழுந்திருந்தால் கோர் அப்டேட்டைச் சந்தேகிக்கலாம். அவை நின்று, முகவரி மாறியவை மட்டும் விழுந்திருந்தால் கூகுளைத் திட்டுவதில் பயனில்லை.

செப்டம்பர் கதை வேறு. கூகுளில் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டவைக்க முகவரியில் ஒரு பாராமீட்டர் சேர்ப்பார்கள். ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதை வைத்துத்தான் வண்டி ஓட்டின. 2025 செப்டம்பரில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. அதுவரை 60-ஆவது, 80-ஆவது இடத்தில் கிடந்த பக்கங்களுக்கு அந்த மென்பொருள்கள் கொடுத்துவந்த இம்ப்ரெஷன் காணாமல் போனது. டெஸ்க்டாப் கணக்கில்தான் அதிகம் தெரியும். சராசரி இடமோ திடீரென்று முன்னேறியதுபோல் காட்டும். உங்களுக்குக் கிளிக் குறையாமல் இம்ப்ரெஷன் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் அது இதுதான். மனிதர்கள் யாரும் போகவில்லை, அந்தச் சரிவை விட்டுவிடுங்கள்.

யாழ்_வாசகன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு இதற்கு எதிர்மாறான சிக்கல். யாழ்ப்பாணத்துச் சமையல் பற்றிய சிறிய தளம். இம்ப்ரெஷன் அப்படியே இருக்கிறது, இடமும் இரண்டு மூன்றிலேயே நிற்கிறது. கிளிக் மட்டும் மாதாமாதம் கரைகிறது. தளத்தில் எதையும் நான் தொடவில்லை.

பழைய_பதிவர்:
தம்பி, உங்கள் தளத்தில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. தேடல் பக்கத்தின் மேலே ஏஐ ஓவர்வியூ, அதாவது கூகுளின் ஏஐ எழுதும் சுருக்கப் பதில், வந்து உட்கார்ந்துகொள்கிறதா என்று பாருங்கள். 2024 ஆகஸ்டில் இந்தியாவில் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் வந்தது, பிறகு தமிழுக்கும் வந்துவிட்டது. 'ஒடியல் மா என்றால் என்ன' வகைக் கேள்விகளுக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். உள்ளே வர ஆளுக்குக் காரணம் இல்லை. சர்ச் கன்சோல் அந்தக் கணக்கைத் தனியாகப் பிரித்தும் காட்டாது.

கேள்வி வாரியாகப் பாருங்கள். 'என்றால் என்ன' வகை கரைந்து, 'ஒடியல் கூழ் செய்முறை' வகை நிற்கிறது என்றால் நான் சொன்னதுதான். இரண்டாவது வகையில் உழைப்பைப் போடுங்கள். முதல் வகை திரும்பி வரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

செய்தித்துளி:
எனக்கு ஏஐ நல்லதுதான் செய்தது சார். வேலைவாய்ப்புத் தளம் வைத்திருக்கிறேன், தினமும் டஜன் கணக்கில் கட்டுரைகளை ஏஐ-யை வைத்தே எழுதிப் போட்டேன். ஏறியது. இப்போது மொத்தமாகக் காணோம், தளத்தின் பெயரைப் போட்டுத் தேடினாலும் வருவதில்லை.

சர்வர்_சாமி:
2024 மார்ச்சில் கூகுள் ஸ்பாம் விதிகளைத் திருத்தியபோது, மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்துக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. ஏஐ எழுதியதா, ஆள் எழுதியதா என்பது அதில் முக்கியமில்லை, ரேங்குக்காகவே மொத்தமாகக் கொட்டியதா என்பதுதான். மேனுவல் ஆக்ஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள், அநேகமாகக் கடிதம் வந்து கிடக்கும். கொட்டியதை எல்லாம் எடுத்துவிட்டு மறுபரிசீலனைக்கு எழுதுங்கள். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. தனி இழை தொடங்குங்கள் நண்பரே, இங்கே அக்காவின் தளம் ஓடிக்கொண்டிருக்கிறது.

தொட்டிச்செடி:
பழைய_பதிவர் சார், பிரித்துப் பார்த்துவிட்டேன். முகவரி மாறாத பக்கங்கள் கொஞ்சம்தான் இறங்கியிருக்கின்றன. மாறியவை அடியோடு போய்விட்டன.

டிசைனரிடம் கேட்டேன், இனிமேல் எதையும் செய்ய முடியாது என்கிறார். பழைய முகவரிகளின் பட்டியலே அவரிடம் இல்லையாம். புதிய தளத்தில் கட்டுரைகளை இறக்கும்போதே முகவரியை மாற்றி இறக்கியிருக்கிறார்.

சர்வர்_சாமி:
பட்டியல் எங்கும் போய்விடவில்லை. சர்ச் கன்சோலில் ஜூலைக்கு முந்தைய தேதிகளை வைத்து, 'பேஜஸ்' தாவலிலிருந்து பதிவிறக்குங்கள். 1,000 வரிகள் வரை தரும், உங்கள் தளத்துக்கு அது போதும். பழைய ஹோஸ்டிங்கில் டேட்டாபேஸ் பேக்கப் இருந்தால் இன்னும் நல்லது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினிலும் பழைய சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) கிடைக்கலாம்.

வேர்ட்பிரஸ் எடிட்டரில் முகவரியை மாற்றியிருந்தால் பழையதை அதுவே ஞாபகம் வைத்துத் திருப்பிவிட்டிருக்கும். வெளியே வைத்து மாற்றி இறக்கியதால் அந்த ஞாபகமும் இல்லை.

பட்டியலைப் பார்க்கும்போது ஒரு விஷயம் உங்களைக் குழப்பும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தமிழ் முகவரி உள்ளுக்குள் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாகத்தான் சேமிக்கப்படும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம் போகும். க என்றால் 9. கி என்றால் எழுத்துக்கு 9, கொக்கிக்கு 9, மொத்தம் 18. வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். கணக்குப் போட்டால் 22 குறியீடுகளோடு கதை முடிந்துவிடும். 'மாடித்தோட்டத்தில் தக்காளி வளர்ப்பது எப்படி' என்று நீங்கள் தலைப்பு வைத்தால் முகவரி 'மாடித்தோட்டத்தில்-தக்கா' என்று நின்றுவிடும். அடுத்து 'மாடித்தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு உரம்' எழுதினால் அதுவும் அதே இடத்தில்தான் வெட்டுப்படும். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதால் வேர்ட்பிரஸ் இன்னும் ஒரு குறியீட்டைக் கிள்ளி 'தக்க-2' என்று வைக்கும். எனவே முகவரியைப் பார்த்து இது எந்தக் கட்டுரை என்று ஊகிக்க வேண்டாம். வேபேக்கிலோ பேக்கப்பிலோ தலைப்பைப் பார்த்து ஜோடி சேருங்கள்.

பழைய_பதிவர்:
எனக்கு இங்கே ஒரு மாற்றுக்கருத்து உண்டு. பேக்கப் கிடைத்தால் பழைய தமிழ் முகவரிகளையே திரும்பக் கொண்டுவந்துவிடலாமே? மற்றவர்கள் கொடுத்த லிங்க், வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்க், எல்லாமே பழையதற்குத்தான். இடையில் வந்த ஆங்கில முகவரிகளைத் தமிழுக்குத் திருப்பிவிட்டால் போதும்.

சர்வர்_சாமி:
ஜூலையிலேயே என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் சார். இப்போது புது முகவரிகளில் ஒரு பகுதியைக் கூகுள் சேர்த்துவிட்டது. திரும்ப மாற்றினால் அதற்கு மறுபடியும் ஒரு குடிமாற்றம். பழையதிலிருந்து புதியதற்கு நேராக ஒரே தாவலில் 301 போட்டால் லிங்க் மதிப்பும் வந்துசேரும்.

பழைய_பதிவர்:
எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. ஆனால் இரண்டு வழியும் ஊர் போய்ச் சேரும். அவருக்கு எது சுலபமோ அதைச் செய்யட்டும், பாதியில் மனம் மாறாமல் இருந்தால் சரி.

தொட்டிச்செடி:
தம்பி சொன்ன வழியிலேயே போகிறேன். பேக்கப் கிடைத்தது. முகப்புக்குத் திருப்பும் ப்ளகினை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்து ரீடைரக்ட் ப்ளகினில் ஏற்றிவிட்டேன். ஒரு விசித்திரம். தக்காளி, மிளகாய், கீரை எல்லாம் சரியாகப் போகின்றன. கொத்தமல்லி, சொட்டுநீர், பழைய தொட்டிக் கலவைக் கட்டுரை இவை மட்டும் பக்கம் இல்லை என்று 404 காட்டுகின்றன. எழுத்துப்பிழையா என்று பத்து முறை பார்த்துவிட்டேன், ஒரு புள்ளிகூட மாறவில்லை.

சர்வர்_சாமி:
கொ, சொ, தொ. எல்லாமே ஒகர வரிசை. இவை மூன்றும் பழைய ஃபாண்டில் தட்டி, பிறகு யூனிகோடுக்கு மாற்றிய கட்டுரைகளா?

தொட்டிச்செடி:
ஆமாம்! தளம் தொடங்கும் முன்பே கணினியில் அடித்து வைத்திருந்தவை. ஒரு மாற்றியில் போட்டு ஏற்றினேன். எப்படித் தெரிந்தது?

சர்வர்_சாமி:
யூனிகோடில் கொ-வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி என்று ஒரே குறியீடாக வைப்பது ஒரு விதம். ஒற்றைக்கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறியீடுகளாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். பழைய மாற்றிகள் சில இரண்டாவது விதத்தில்தான் தரும். இன்றைய விசைப்பலகை முதல் விதத்தில் தரும். நீங்கள் ரீடைரக்ட் ப்ளகினில் கையால் தட்டியிருப்பீர்கள். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு வேறு. பிரவுசர் அதைத் திருத்திக் கொடுக்காது.

தட்ட வேண்டாம். சர்ச் கன்சோல் பட்டியலில் இருக்கும் முகவரியை அப்படியே காப்பி எடுத்து ஒட்டுங்கள். ஓகாரம், ஔகாரம் வருகிற பழைய கட்டுரைகளுக்கும் இதையே செய்யுங்கள்.

தொட்டிச்செடி:
கொத்தமல்லி திறந்துவிட்டது!

இனி எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? இதற்கிடையில் பழைய கட்டுரைகளை நீக்கலாமா?

பழைய_பதிவர்:
நீக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட் ரேங்குக்காக ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை எடுத்துவிட்டது. பழையது என்ற காரணத்துக்காக மட்டும் எதையும் நீக்க வேண்டியதில்லை என்று அப்போது கூகுள் தரப்பிலேயே சொன்னார்கள். தேதியை மட்டும் இந்த ஆண்டுக்கு மாற்றிப் புதுசுபோல் காட்டுகிற வேலையும் வேண்டாம். தவறான தகவல் உள்ள கட்டுரை, ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்லும் கட்டுரை, இவற்றை மட்டும் திருத்துங்கள் அல்லது ஒன்றாக்குங்கள்.

நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது. இந்த அளவுத் தளத்தில் பெரும்பாலான பக்கங்கள் இடம் மாறச் சில வாரங்கள் ஆகும். புது சைட்மேப்பைக் கொடுத்துவிடுங்கள். முக்கியமான பத்துப் பக்கங்களுக்கு யுஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் இண்டெக்ஸ் செய்யக் கேளுங்கள். மற்றவற்றை அதன் போக்கில் விடுங்கள். காத்திருக்கும் காலத்தில் தளத்தின் டிசைனை மாற்றாதீர்கள், தலைப்புகளை மாற்றாதீர்கள். இல்லாவிட்டால் ஏறினாலும் எதனால் ஏறியது என்று தெரியாமல் போகும்.

முகவரி மாறாத பக்கங்கள் கொஞ்சம் இறங்கியதாகச் சொன்னீர்களே, அது கோர் அப்டேட்டாக இருக்கலாம். தளத்துக்குள்ளேயே இருந்த லிங்குகள் முகப்புக்குத் திரும்பியதால் இருக்கலாம். ரீடைரக்ட் வேலை செய்த பிறகும் அவை எழவில்லை என்றால் அப்போது பேசலாம். கோர் அப்டேட்டில் இறங்கியது சில சமயம் அடுத்த அப்டேட் வரை அசையாது.

தொட்டிச்செடி:
கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். சாஃப்ட் 404 வரிசை மளமளவென்று குறைந்துகொண்டே வருகிறது. தக்காளி, கறிவேப்பிலைக் கட்டுரைகள் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. கொத்தமல்லி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மண்புழு உரம் பற்றிய கட்டுரை மட்டும் அசையவே இல்லை, அந்த இடத்தில் இப்போது யூடியூப் வீடியோக்கள்தான் வரிசையாக நிற்கின்றன.

ரீடைரக்ட்டை எப்போது எடுக்கலாம்?

சர்வர்_சாமி:
எடுக்கவே வேண்டாம். குறைந்தது ஓராண்டு வைக்கச் சொல்கிறது கூகுள். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் லிங்குக்கு ஆண்டுக் கணக்கெல்லாம் கிடையாது, அது பாட்டுக்குச் சுற்றும். ஹோஸ்டிங் மாற்றினால் இந்த ரீடைரக்ட் பட்டியலையும் சேர்த்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

மண்புழு உரத்துக்கு நீங்களும் ஒரு வீடியோ எடுத்துக் கட்டுரையில் வையுங்கள் அக்கா. தொட்டியில் புழு நெளிவதைப் பார்க்கத்தான் ஆள் வருகிறான்.

யாழ்_வாசகன்:
எனக்கு ஒரு கடைசிக் கேள்வி. புதிதாகத் தளம் தொடங்குகிறவர் முகவரியைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா?

பழைய_பதிவர்:
ரேங்கில் பெரிய வித்தியாசம் வராது, கூகுள் தமிழ் முகவரியை நன்றாகவே படிக்கும். பகிரும்போது தமிழ் முகவரி ஒரு முழ நீளத்துக்குச் சதவீதக் குறிகளாக நீள்வது மட்டும்தான் தொல்லை. தமிழில் வைத்தால் தலைப்பை அப்படியே விடாமல் 'தக்காளி-வளர்ப்பு' என்று இரண்டு சொல்லில் கையால் கொடுத்துவிடுங்கள், வெட்டுப்படாது.

உங்கள் சமையல் தளம் இப்போது எதில் இருக்கிறது?

யாழ்_வாசகன்:
தமிழில்.

பழைய_பதிவர்:
அப்படியே இருக்கட்டும் தம்பி, கை வைக்க வேண்டாம்.